உள்ளாட்சி மன்றங்களிலும் ஆலோசனைக் குழுக்களிலும் மாற்றுத்திறனாளிகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டியவை

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவருக்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. இயன்முறைப் பயிற்சி இடைவிடாமல் தொடர்ந்தால், இழந்த இயக்கத்தில் ஒரு பகுதியேனும் மீள வாய்ப்புண்டு. ஆனால் பலர் இரண்டாம் மாதத்திலேயே பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். காரணம் கேட்டால் மருந்தையோ மருத்துவரையோ யாரும் குறை கூறுவதில்லை. தெருவில் சக்கர நாற்காலி செல்லாது. பேருந்தின் படி உயரம். நலவாழ்வு மையத்தின் வாசலில் சாய்தளம் இல்லை. கழிப்பறைக் கதவு குறுகியது. இவையே பெரும்பாலும் சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் பலவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் மருத்துவமனையிடம் இல்லை. ஊராட்சியிடமோ பேரூராட்சியிடமோ நகராட்சியிடமோ மாநகராட்சியிடமோ உள்ளது.

ஆகவே, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத்திருத்தங்கள் அரசியல் செய்தி மட்டுமல்ல; சிகிச்சையோடு நேரடித் தொடர்புடைய செய்தியும் ஆகும்.

சட்டம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது?

2025 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஊராட்சிகளுக்கும் உரிய சட்டங்களில் திருத்தம் செய்யும் இரண்டு மசோதாக்களை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிமுகம் செய்தார். அவ்வேளையில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் 35 மாற்றுத்திறனாளிகள் மட்டுமே பொறுப்பில் இருந்தனர். திருத்தத்தின் வழியாக நகர்ப்புற அமைப்புகளில் ஏறத்தாழ 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என ஏறக்குறைய 14,000 பேர் நியமனம் பெற வழி ஏற்படும் என அரசு கணக்கிட்டது. அதே ஆண்டு ஜூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். அக்கணக்கெடுப்பு சில வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. இன்றைய சட்டத்தின் வரையறை அதைவிட விரிவானது.

நியமன உறுப்பினரால் என்ன இயலும், என்ன இயலாது?

தேர்தலில் வென்று வந்த உறுப்பினருக்கும் நியமன உறுப்பினருக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவின்படி, நகராட்சி நிர்வாகத்தில் சிறப்பு அறிவு அல்லது அனுபவம் உடையவராக நியமிக்கப்படுபவருக்கு மன்றக் கூட்டத்தில் வாக்குரிமை கிடையாது. அவர் கூட்டத்தில் அமரலாம், பேசலாம், குறைகளை எடுத்துரைக்கலாம். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்போது அவர் கை உயர்த்த இயலாது.

வாக்கில்லாத உறுப்பினரால் பயன் என்ன என்ற ஐயம் நியாயமானதே. எனினும் உள்ளாட்சி மன்றங்களில் பல பணிகள் எதிர்ப்பினால் நின்றுபோவதில்லை. எவரும் நினைவூட்டாததால் விடுபட்டுப் போகின்றன. புதிய நலவாழ்வு மையத்தின் வரைபடம் மன்றத்தின் முன் வரும்போது, சாய்தளத்தின் சரிவு எவ்வளவு, கைப்பிடி உண்டா, சக்கர நாற்காலி திரும்புமளவு கழிப்பறை அகலமானதா என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். கட்டடம் எழுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விக்குச் செலவு மிகக் குறைவு. கட்டி முடித்த பின் இடித்துத் திருத்துவதற்கே செலவு அதிகம்.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் தேவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு உள்ள ஓர் உறுப்பினர், செவித்திறன் குறைபாடு உடையவரின் தேவையையோ அறிவுசார் குறைபாடு உடைய குழந்தையின் தாய் படும் சிரமத்தையோ தாமாகவே அறிந்திருப்பார் என எதிர்பார்க்க இயலாது. ஒருவரை நியமித்ததோடு கடமை முடிந்தது என மன்றமும் மக்களும் இருந்துவிட்டால், அந்த இருக்கை வெறும் அடையாளமாகவே எஞ்சும். அவருக்குச் செய்தி கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் நோயாளிகளும் பராமரிப்பாளர்களுமே.

நீங்களும் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வருகிறீர்களா?

புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காணும் நிலை இது: சட்டப்படி உரிமை பெற்றவர்கள் பலர் தங்களை மாற்றுத்திறனாளிகளாகக் கருதுவதே இல்லை. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாளணு நோய் ஆகிய இரத்தக் குறைபாடுகள் 21 வகைகளுள் அடங்கும். பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் எனும் நரம்பு மண்டல நோய், மனநோய், ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அமில வீச்சினால் ஏற்பட்ட பாதிப்பு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோரின் குறைபாடு ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. இட ஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட உரிமைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். அச்சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவதே முதற்படி.

பிற ஆலோசனைக் குழுக்கள் எவை?

உள்ளாட்சி மன்றம் தவிர மேலும் மூன்று அமைப்புகளை அறிந்திருப்பது பயன்தரும்.

முதலாவது, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி அமையும் மாநில ஆலோசனை வாரியம். இது ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தொடர்பான கொள்கைகள் குறித்து மாநில அரசுக்கு ஆலோசனை கூறுவது இதன் பணி.

இரண்டாவது, 72-ஆம் பிரிவின்படி அமையும் மாவட்ட அளவிலான குழு. அரசுப் பணியில் இருப்பவருக்கு நோயாலோ விபத்தாலோ குறைபாடு ஏற்பட்டால், அதன் காரணமாக அவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கம் செய்யவோ கூடாது என்பது 20-ஆம் பிரிவின் பொது விதி. அப்பிரிவு மீறப்பட்டால் அலுவலகத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அவர் இரண்டு வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். அதிலும் நிறைவு கிட்டாவிடில் மாவட்டக் குழுவை அணுகலாம்.

மூன்றாவது, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் இயங்கும் உள்ளூர் நிலைக் குழு. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவுபெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இதில் இடம்பெறுவர். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையோர்க்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது இக்குழுவே. “எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்பது மூத்த பெற்றோர் பலரின் கேள்வி. பிள்ளை 18 வயதை நிறைவு செய்யும்போதே இக்குழுவை அணுகுவது அக்கவலையைச் சிறிதேனும் குறைக்கும்.

நிதி எங்கிருந்து வரும்?

ஆலோசனை கூறும் உரிமையால் பயன் விளைய வேண்டுமானால், நிதி வரும் வழியையும் அறிந்திருக்க வேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு, நாடு முழுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகச் சுகாதாரத்திற்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் அதில் அடங்கும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து விழுக்காடு ஒதுக்கீடு வழங்க வேண்டும் என்கிறது. நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் வரம்பிற்குள் வரும் பெருநிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகிறது. ஊரில் ஈட்டிய இலாபத்தின் ஒரு பகுதி ஊருக்கே திரும்ப வழிவகுக்கும் ஏற்பாடு இது. இயன்முறைச் சிகிச்சைக் கருவிகள், சாய்தள வசதியுள்ள ஊர்தி போன்றவற்றை மன்றத்தின் வழியாக இந்நிறுவனங்களிடம் கோரலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உங்கள் ஊராட்சி அல்லது நகர்மன்றத்தின் மாற்றுத்திறனாளி உறுப்பினர் யார் என அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

2. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். “வசதிகள் செய்து தர வேண்டும்” எனப் பொதுவாக எழுதாமல், எந்தக் கட்டடம், எந்தத் தெரு, என்ன தடை, எத்தனை பேர் பாதிக்கப்படுகின்றனர் எனக் குறிப்பிடுங்கள். ஒரு நிழற்படம் இணைத்தால் மேலும் நன்று.

3. சிகிச்சை தடைப்படுவதற்கு அத்தடையே காரணமாயின், அதை உங்கள் மருத்துவரிடம் சொல்லிச் சிகிச்சைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். மனுவுக்கு அது வலுச்சேர்க்கும்.

4. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. நோயாளியால் வர இயலாவிடில் அதே ஊர் வாக்காளரான பராமரிப்பாளர் கலந்துகொண்டு பேசலாம். கோரிக்கை தீர்மானமாகப் பதிவாகியுள்ளதா எனப் பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. மன்றத்தில் பயன் கிட்டாவிடில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும், அதன்பின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரையும் அணுகலாம். ஆணையருக்கு ஆவணங்களைக் கோரவும் சாட்சிகளை அழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் உண்டு.

6. மருத்துவமனையிலேயே இடர்ப்பாடு இருந்தால் அதையும் தயங்காது தெரிவியுங்கள். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் தடையற்ற அணுகல் வேண்டும் என்பதும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தரப்பட வேண்டும் என்பதும் 25-ஆம் பிரிவின் கட்டளை.

மருத்துவர் எழுதித் தரும் பயிற்சி முறை வீட்டு வாசலைத் தாண்டிச் செல்ல வேண்டுமெனில், அந்த வாசலுக்கு வெளியே உள்ள பாதை சீராக இருக்க வேண்டும். அப்பாதையைப் பற்றிப் பேச மன்றத்தில் இப்போது ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. உங்கள் அடுத்த மருத்துவமனை வருகைக்கு முன், நீங்கள் கடந்து வர வேண்டிய தடைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு படியை மருத்துவரிடமும் மற்றொன்றை உங்கள் மன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள்.