புளியங்கொட்டை சொல்லும் வரலாறு



மாசி, பங்குனி மாதங்களில் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கம் சென்றால், வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையைப் பிரித்தெடுப்பதைக் காணலாம். புளி சந்தைக்குச் செல்லும். கொட்டையோ மாவாக அரைபட்டு நெசவுக்குக் கஞ்சியாகும். சிதறிக் கிடப்பவற்றை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அந்தக் கொட்டைக்குள் அடங்கியிருக்கும் வரலாற்றை இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

ஒரு கொட்டையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிளந்து பாருங்கள். வெளியே கெட்டியான உறை. உள்ளே பருத்த இரு பருப்புகள். அவற்றினிடையே சின்னஞ்சிறு முளைக்கரு. உறை பாதுகாப்பு, பருப்பு கட்டுச்சோறு, முளைக்கரு பயணி. தாய்மரம் தன் பிள்ளையைப் பயணம் அனுப்பும்போது இத்தனை ஏற்பாடுகளைச் செய்து அனுப்புகிறது.

ஆதியில் தாவரங்களுக்கு இவ்வசதி இல்லை. பாசியும் பெரணியும் இன்றும் நுண்ணிய வித்துத்தூள்களாலேயே பரவுகின்றன. அவற்றின் ஆணணு நீரில் நீந்தித்தான் பெண்ணணுவை அடைய வேண்டும். ஆகவே ஈரம் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வாழ்வில்லை. ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் விதைத் தாவரங்கள் தோன்றின. மகரந்தத்தைக் காற்று சுமந்தது. கருவை உறை காத்தது. அதன் பிறகே மரங்கள் நீர்க்கரையை விட்டு மேட்டுநிலத்திலும் மலைச்சரிவிலும் காடாகப் பரவ முடிந்தது. முதலில் ஊசியிலை மரங்கள் போன்று கனியின்றி விதை தருபவை. பின்னர், சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூத்துக் காய்த்து விதையைக் கனிக்குள் பொதிந்து வைப்பவை.

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அது சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊசியிலை வகை மரம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலோ சுமார் 2 கோடி ஆண்டு வயதுடைய கல்மரங்கள் பல உள்ளன. அவற்றுள் நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் மரங்களும் உண்டு. சாத்தனூரிலிருந்து திருவக்கரைக்குச் செல்பவர், காடு மாறிய கதையின் இரு பக்கங்களைப் புரட்டியவராவார்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? ஒரே மரத்தின் கொட்டைகளை ஊன்றினாலும் கன்றுகள் ஒன்றுபோல் இரா. ஒன்று வறட்சியைத் தாங்கும். ஒன்று நோய்க்கு மடியும். மற்றொன்று நீண்ட காய் காய்க்கும். காலமும் நிலமும் தாக்குப்பிடித்தவற்றை மிச்சம் வைத்தன. விதை என்பது வேற்றுமையின் களஞ்சியம்.

அரபு மக்கள் புளியைத் "தமர் ஹிந்தி", அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். புளியின் ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. இவ்விரு மரங்களும் உறவினரல்ல. ஆயினும் நோன்பு திறக்க நாம் எடுக்கும் பேரீச்சம்பழத்தின் கொட்டையும் இதையே சொல்கிறது. சாவுக்கடலையொட்டிய மசாதா மலைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்தது. அதுபோன்ற பழங்கொட்டையிலிருந்து வளர்ந்த பெண்மரம் ஒன்று 2020இல் கனியும் தந்தது!

ஆனால் இன்று பேரீச்சையைக் கொட்டையிலிருந்து பயிரிடுவோர் அரிது. பக்கக்கன்றும் திசு வளர்ப்பு நாற்றுமே நடப்படுகின்றன. தருமபுரி மாவட்டத் தோட்டங்களிலும் அத்தகைய நாற்றுகள் உண்டு. புளியிலும் ஒட்டுக்கன்று வந்துவிட்டது. கொட்டையிட்ட மரம் காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுமரம் நான்கைந்து ஆண்டுகளிலேயே காய்க்கும். குடும்பம் நடத்துபவருக்கு இது பெரிய உதவி, குறை சொல்வதற்கில்லை.

எனினும் ஒட்டுக்கன்று தாயின் அச்சுப்படி. தாயைத் தாக்கும் நோய் அத்தனை பிள்ளைகளையும் தாக்கும். வாழையும் கிழங்கின் பக்கக்கன்றால் பெருகுவதே. சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளின் மணமிக்க மலைவாழைத் தோட்டங்களை முடிக்கொத்து நோய் பெருமளவு அழித்ததை நாம் மறக்கலாகாது. மேலும், நல்ல ஒட்டு எங்கிருந்து வந்தது? புகழ்பெற்ற "உரிகம்" புளி, 2004 வரை தருமபுரியோடு இணைந்திருந்த இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து உரிகத்தின் பெயரைத் தாங்குவது. யாரோ ஊன்றியதோ, பறவையோ குரங்கோ போட்டதோ, ஒரு கொட்டையில்தான் அத்தகைய சிறப்பெல்லாம் முதலில் தோன்றுகிறது. கொட்டை மரங்கள் அற்றுப்போனால் நாளைய சிறந்த ஒட்டுக்குத் தாய் ஏது? சாலையோரத்து முதிய புளியமரம் ஒன்று சாயும்போது நிழல் மட்டுமன்று, அம்மரத்துக்கே உரிய குணமும் சாய்கிறது.

ஆதலால் தாய்மார்களே, வருமானத்துக்கு ஒட்டுக்கன்று வையுங்கள். பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அங்கே ஆலோசனை கேளுங்கள். அதோடு, நன்கு காய்க்கும் ஒரு பழைய மரத்தின் கொட்டைகளில் நான்கைந்தை ஊறவைத்து, வரப்போரத்திலோ பள்ளிவாசல் நிலத்தின் மூலையிலோ பிள்ளைகளின் கையால் ஊன்றச் செய்யுங்கள். அதன் காயை நாம் சுவைப்போமோ இல்லையோ, சுவைப்பதற்கு ஒருவர் இருப்பார்.