சிமிட்டும் சிவப்பு விளக்கு!

தியாகராயர் பெயரால் ஒரு நகர். டாக்டர் நாயர் பெயரால் ஒரு சாலை. நடேசனார் பெயரால் ஒரு பூங்கா. பனகல் அரசர் பெயரால் மற்றொரு பூங்கா. நீதிக்கட்சியின் வரலாற்றையே தெருப்பலகைகளாக மாட்டி வைத்திருக்கும் அந்த ஊரிலே, இன்று வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, மாடிப்படியின் அடியிலே ஒரு சின்னஞ்சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

என்ன விளக்கு அது, தோழனே? மின்சார மீட்டரின் விளக்கு! அழகுக்காக வைத்த விளக்கு என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு கணக்கு. ஒரு யூனிட்டுக்கு 1,600 தடவை, 3,200 தடவை என்று மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள், பார். இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் விளக்கு படபடக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நீ ஊருக்குப் போனால், அதுவும் உறங்கிவிடும். பக்கத்திலேயே வட்டமாக ஒரு ஒளித்துளை இருக்கும். கருவியின் முனையை அதிலே வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியின் வழியாக எண்கள் இறங்கிவரும். ஒளியைக் கொண்டு உணர்வது, மின்சாரத்தை அளப்பது, அளந்ததைக் குவித்து ஆராய்வது என்று மூன்று விஞ்ஞானங்கள் உன் வீட்டுப் பலகையிலே கைகோத்து நிற்கின்றன. உனக்கு ஒரு வார்த்தை சொன்னவர் உண்டா?

தியாகராய நகரிலே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களை மின்வாரியம் சோதனை முறையிலே மாட்டியது. ஆள் வராமலே கணக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். நல்ல ஏற்பாடுதான். அதை மறுப்பதற்கு நாம் என்ன, இருட்டை விற்றுப் பிழைப்பவர்களா? இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு என்ற முறையிலே, கணக்கீட்டாளர் நாலு நாள் தாமதமாக வந்தால் யார் தலையிலே விடிகிறது? 500 யூனிட்டுக்குள் நிற்பவனுக்கு ஓர் அட்டவணை, தாண்டினவனுக்கு வேறு அட்டவணை. 501 என்று முள் நகர்ந்துவிட்டால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமா கூடுதல்? கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்தல்லவா விலை ஏறுகிறது! குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே தானாகவே கணக்கெடுக்கும் கருவி இந்த அநீதியைத் தீர்க்கும். ஆகவே கருவியை வரவேற்கிறோம்.

வரவேற்றுவிட்டு ஒரு கேள்வியும் கேட்கிறோம். பழைய மீட்டர் உன் வீட்டைப்பற்றி ஆண்டுக்கு 6 எண்களைத்தான் சொன்னது. புதிய மீட்டர் அரை மணிக்கொரு முறை குறித்தால் ஒரு நாளைக்கு 48, ஆண்டுக்கு 17,520! ஒரு லட்சம் வீடுகளுக்குப் பெருக்கிப் பார்: 175 கோடியே 20 லட்சம் எண்கள். இந்த எண்கள் ஊமைகளா? அல்ல! 1980களிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆராய்ச்சியாளர், வீட்டுக்குள் காலடி வைக்காமல், வெளியே ஓடும் மொத்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து, உள்ளே எந்தச் சாதனம் எப்போது ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லும் வழியை வகுத்தார். குளிர்பதனப் பெட்டி விட்டு விட்டு ஓடும். கிரைண்டர் கிளம்பும்போது ஒரு துள்ளல் துள்ளும். இஸ்திரிப் பெட்டி ஒரே மட்டமாக இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை! அரை மணிக் கணக்கிலே கிரைண்டர் துள்ளல் தெரியாதுதான். ஆனால் வீட்டிலே ஆள் உண்டா இல்லையா, எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, யார் இரவுவேலைக்குப் போகிறவர் என்று ஊகிக்க அது போதும்.

நெதர்லாந்து நாட்டிலே கட்டாய மீட்டர் சட்டத்தை 2009-இலே மேலவை ஏற்க மறுத்தது. குடும்பத்தின் அந்தரங்கத்தை அரசு எட்டிப்பார்ப்பதா என்று கேட்டார்கள். பிறகு, வேண்டாம் என்பவனுக்கு வேண்டாம் என்று திருத்திய பிறகே சட்டம் நிறைவேறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்சநீதிமன்றமும் 2017-இலே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு ரங்கநாதன் தெருக் கடையிலே நாளெல்லாம் நின்று வேலை செய்யும் பெண் தங்கியிருக்கும் ஒற்றை அறைக்கும் பொருந்துமா, அல்லது பங்களாக்களுக்கு மட்டும்தானா?

அடுத்தது டெல்லி எழுதிய விதி. 2023 ஜூனிலே வந்தது. வெயில் காயும் எட்டு மணி நேரத்துக்கு, வழக்கமான கட்டணத்திலே நூற்றுக்கு இருபது குறைவு. நெருக்கடி நேரத்துக்கு, வீடுகளுக்கு நூற்றுக்குப் பத்தாவது கூடுதல். 2025 ஏப்ரல் முதல், விவசாயம் நீங்கலாக எல்லோருக்கும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய உடனே என்று எழுதினார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சூரிய மின்சாரம் பகலிலே குவிகிறது, மாலையிலே மறைகிறது. ஆகவே பகலிலே செலவழி என்கிறார்கள். பகலிலே நம்மவன் எங்கே இருக்கிறான், ஐயா? பட்டறையிலே! பாண்டி பஜாரிலே மூட்டை இறக்குகிறான்! ஏழு மணிக்கு வீடு திரும்பி, விசிறியைப் போட்டு, பிள்ளையைப் படிக்க உட்காரவைக்கும் நேரம்தான் அவர்களுடைய அகராதியிலே நெருக்கடி நேரம். மதியத்திலே துணி துவைக்கும் எந்திரத்தை ஓட்டிச் சலுகை பெறுகிறவர் யார், மாலையிலே விளக்கேற்றிக் கூடுதல் கட்டுகிறவர் யார்?

மாலை நேரத் தட்டுப்பாடு கற்பனை என்று நாம் சொல்லவில்லை. 2024 மே 2-ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தப் பளுவைத் தாங்க வழி இருக்கிறது. கோவை மாவட்டத்துக் கடம்பாறையிலே, மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980களிலேயே எழுந்தது. பள்ளிக்கரணையிலே தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. லேசர் ஒளியைக் காற்றிலே பாய்ச்சி, மிதக்கும் துகள்களிலே பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு காற்றின் வேகத்தை அளக்கும் லைடார் கருவியை 2017-இலே காம்பே வளைகுடாக் கடலிலே நிறுத்திய நிறுவனம் அது. இப்படிக் காற்றையும் வெயிலையும் முன்கூட்டிக் கணிக்க ஒளியும் புள்ளிவிவரமும் உழைக்கட்டும். தேக்கங்கள் பெருகட்டும். ஆராய்ச்சியின் பார்வை முதலிலே வானத்தின் பக்கம் திரும்பட்டும். மாடிப்படி அடியிலே அப்புறம் வரலாம்.

மாநிலம் முழுவதற்கும் மீட்டர் வாங்க விட்ட ஒப்பந்தப்புள்ளி, கேட்ட விலை அதிகம் என்று 2024 டிசம்பரிலே ரத்தாயிற்று. செய்தது சரியே. அடுத்த ஒப்பந்தத்திலே விலையை மட்டும் பார்த்தால் போதாது. சேரும் எண்கள் யாருடைய பெட்டகத்திலே இருக்கும், எத்தனை மாதம் இருக்கும், மீட்டர் விற்ற கம்பெனிக்கு அவற்றைப் பார்க்க உரிமை உண்டா என்பதை எழுத்திலே வைக்கவேண்டும். 100 யூனிட் இலவசம் எந்த மணிக்கணக்காலும் குறையாது என்றும் எழுதவேண்டும். வெயிலிலே படியேறி இறங்கிக் கணக்கெடுத்த தோழர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதும் அதே தாளிலே வரவேண்டும்.

மீட்டரிலே பதிவாவதை வாடிக்கையாளருக்கும் காட்டவேண்டும் என்று அந்த 2023 விதியே சொல்கிறது. வட்டச் செயலாளர்கள் ஒரு காரியம் செய்யலாம். தத்தம் தெருவிலே இந்த மீட்டர் மாட்டிய பத்து வீட்டாரை அழைத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். எங்கள் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று நமக்கு எழுதுங்கள், வெளியிடுகிறோம்.