எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பம்பாயில் ஒரு தனியார் மருத்துவமனையில் 1993 நவம்பரில் பித்தப்பைக் கற்களை அகற்றும் பொருட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரும், கோவாவில் அரசாங்க மருத்துவமனைச் செவிலியராக உத்தியோகம் பார்த்தவருமான ஒரு பெண்மணி, அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஓயாத வயிற்று வலியோடு போராடி, வலி நிவாரணிகளாலேயே காலந்தள்ளி, 2002 அக்டோபரில் வேறொரு மருத்துவமனையில் மீண்டும் அறுவைக்கு உட்பட்டபோது, முதற் சிகிச்சையின்போது உள்ளே விடப்பட்ட காஸ் துணியே தம் துன்பத்துக்கெல்லாம் காரணம் என்று தெரியவந்ததாகக் கூறி, தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குச் சில தினங்கள் இருக்கையில், டில்லியிலுள்ள தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முன் புகார் மனு தாக்கல் செய்தார். காலாவதியானது என்று அதைத் தள்ள ஆணையம் மறுத்தது. மேல்முறையீட்டில், 2010 அக்டோபர் 20-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்துச் செய்து புகாரையே தள்ளிவிட்டது. ஸ்ரீகண்டே வழக்கு என்று நம் வக்கீல் தொழிலில் வழங்கும் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டாமல் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் காலவரையறை வாதம் நடப்பது அபூர்வம். ஆயினும், அதில் நிலைநாட்டப்பட்ட தத்துவத்தையும், அது அந்தச் செவிலியர் விஷயத்தில் பிரயோகிக்கப்பட்ட விதத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பவர்கள் நம்மிடையே அதிகமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

தத்துவம் நியாயமானது. கவனக்குறைவின் விளைவு அப்போதே வெளிப்படையாகத் தெரிந்தால் அச்செயல் நிகழ்ந்த நாளிலேயே வழக்குமூலம் எழுந்ததாகக் கொள்ளவேண்டும். விளைவு உடலுக்குள் மறைந்து கிடந்தால், நோயாளி அதைக் கண்டறிந்த நாளிலிருந்தோ, நியாயமான ஜாக்கிரதையுடன் இருந்திருந்தால் கண்டறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலத்தை எண்ணவேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஆனால் அந்தச் செவிலியர் விஷயத்தில், மருத்துவத் தொழிலோடு சம்பந்தப்பட்டவர், ஒன்பது ஆண்டுகள் வலித்தும் முதலில் அறுவை செய்த மருத்துவரை ஒருமுறையேனும் அணுகவில்லையே என்ற காரணத்தால் ஜாக்கிரதை போதவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. வலி இருப்பதை அறிவது வேறு. வலியின் காரணத்தை அறிவது வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-இல் கூப்ரிக் வழக்கில், மத்திய அரசாங்கத்தின் மேல் தொடுக்கப்படும் வழக்குகளைக் குறித்து மிகக் கண்டிப்பான நிலையை எடுத்தபோதுகூட, தீங்கையும் அதன் காரணத்தையும் நோயாளி அறிந்த நாளையே தொடக்கமாகக் கொண்டது. அக்காரணம் சட்டப்படி கவனக்குறைவாகும் என்பதையும் அவர் அறிந்திருக்கவேண்டியதில்லை என்று மட்டுமே அது சொல்லிற்று. வயிறு வலித்ததனாலேயே உள்ளே துணி கிடக்கிறதென்று ஒருவர் ஊகித்திருக்கவேண்டும் என்பதை, அவர் செவிலியராயினும், நாம் ஏற்பதற்கில்லை. நோயாளி மருத்துவரிடம் வைக்கும் விசுவாசமே அத்தகைய சந்தேகம் எழாமல் தடுக்கிறது. அந்த விசுவாசத்தைப் பின்னர் அவருக்கே எதிரான சாட்சியமாக்குவது தர்மமன்று.

இந்தக் கேள்வி உலகுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழிற்சாலை ஒன்றில் ஆண்டுக்கணக்காகத் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, கெட்டது தெரியுமுன்பே வழக்குத் தொடரும் உரிமையையும் இழந்துவிட்ட தொழிலாளர்களின் வழக்கில், சட்டத்தின் வாசகம் இடங்கொடுக்கவில்லையென்று பிரபுக்கள் சபை 1963-இல் வருத்தத்துடன் தீர்ப்பளித்தது. அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, அறிந்த நாள் என்னும் கருத்துக்கு இடமளித்தது. நம் நாட்டுக் காலவரையறைச் சட்டமும் அதே 1963-இல்தான் இயற்றப்பட்டது. மோசடியாலும் தவற்றாலும் மறைக்கப்பட்ட உரிமைகளுக்கு அதன் 17-ஆம் பிரிவு பாதுகாப்பளித்ததே தவிர, யாரும் வேண்டுமென்று மறைக்காமல் உடலே மறைத்து வைத்திருந்த தீங்குக்கென்று தனி ஏற்பாடு செய்யவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நுழைந்த 24-ஏ பிரிவும், 2020 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்தின் 69-ஆம் பிரிவும், வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று சொல்லி நின்றுவிடுகின்றன. எது அந்த நாள் என்பதைப் பார்லிமெண்ட் தீர்மானிக்காமல் விட்டதனால், ஒவ்வொரு நோயாளியும் தம் செலவில், தம் வழக்கில், அதைத் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வரம்பே கூடாது என்பது நம் வாதமன்று. டில்லியின் பெரிய போதனா மருத்துவமனைகளில் இரவு நேரத்தில் நோயாளியைக் கவனிக்கும் ரெசிடெண்ட் மருத்துவர் மூன்றாண்டுப் படிப்பு முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். பணிநேரக் குறிப்பை எழுதிய செவிலியரின் ஞாபகமும் மங்கிவிடுகிறது. பத்தாண்டு கழித்து ஒருவரைக் குற்றஞ்சாட்டும்போது அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் சாதனங்களையும் இழந்து நிற்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் சாட்சியம் அழிவதைக் காரணங்காட்டி வரம்பை ஆதரிப்பவர்கள், அந்தச் சாட்சியத்தைக் காப்பது யாருடைய கடமை என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கேதான் நம் சட்ட ஏற்பாடு முற்றிலும் முரண்படுகிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வைத்திருந்தால் போதும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்து பாதிக்கப்பட்ட குழந்தையை எண்ணிப் பாருங்கள். அக்குழந்தை உட்காரவில்லை, நிற்கவில்லை, பேசவில்லை என்பது படிப்படியாகத்தான் பெற்றோருக்குப் புலப்படுகிறது. ‘கொஞ்சம் தாமதமாக வளரும்’ என்று உறவினரும் சில வேளைகளில் மருத்துவருமே தேற்றுகிறார்கள். காரணம் பிரசவ அறையில் நிகழ்ந்ததாக இருக்கலாம் என்று நரம்பியல் நிபுணர் ஒருவர் முதன்முதலாகச் சொல்லும்போது, கேஸ் ஷீட்டும் சிசுவின் இதயத்துடிப்புப் பதிவும் விதிப்படியே கழிக்கப்பட்டிருக்கக்கூடும். சிவில் வழக்கில் மைனருக்குக் காலவரையறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு துணைநிற்கிறது. பதினெட்டு வயது நிரம்பியபின் மூன்றாண்டு வரை அவகாசமுண்டு. ஆக, இருபத்தொன்றாம் வயது வரை உயிரோடிருக்கும் உரிமைக்கு மூன்று வயதிலேயே அழிந்துபோகும் ஆவணம் ஆதாரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பிரசவ ஆவணங்களை 25 ஆண்டுகள் காக்கிறார்கள். அறிந்த நாளிலிருந்து எண்ணும் தத்துவத்தை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கும்போது, அந்த நாள் வரை ஆவணத்தைக் காக்கும் பொறுப்பை மருத்துவமனையின்மேல் சுமத்தாமலிருப்பது அத்தத்துவத்தை வெறும் ஏட்டளவினதாக்குகிறது.

டில்லியின் நிலைமையில் மற்றொரு துயரமும் கலந்திருக்கிறது. அன்சாரி நகரில் எய்ம்ஸுக்கும் சப்தர்ஜங் மருத்துவமனைக்கும் வெளியே நடைபாதையில் இரவு கழிக்கும் பீகார், உத்தரப் பிரதேசக் குடும்பங்கள் ஊர் திரும்பியபின் புகார் செய்ய எங்கே போவார்கள்? எல்லோருக்கும் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறதென்று 1995 நவம்பரில் சாந்தா வழக்கில் தீர்மானமாகிவிட்டது. மருத்துவமனைச் சிகிச்சைக்கென்று தனி விசாரணை அதிகாரி, பிற நாடுகள் ஆம்புட்ஸ்மன் என்று அழைக்கும் பதவி, நமக்கில்லை. லோக்பால் ஊழலை விசாரிப்பதற்கானது. தேசிய மனித உரிமைகள் ஆணையத்தை அணுகலாம். ஆனால் செயல் நிகழ்ந்த நாளிலிருந்து ஓராண்டு கடந்தால் அது விசாரிக்கலாகாதென்று அதன் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெறுபவருக்கு இரண்டு ஆண்டும், செலுத்த இயலாத ஏழைக்கு ஓராண்டும் என்று காலம் இவ்வாறு பங்கிடப்பட்டிருப்பதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லைதான். இத்தனை ஆண்டுகளாக யாரும் திருத்தவுமில்லை. இங்கிலாந்தின் சுகாதார ஆம்புட்ஸ்மனுக்கும் ஓராண்டு வரம்புதான் உண்டு. ஆனால் அந்த ஓராண்டு, புகாருக்குரிய விஷயம் பாதிக்கப்பட்டவரின் கவனத்துக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நியாயமெனத் தோன்றினால் அவ்வரம்பைத் தளர்த்தவும் ஆம்புட்ஸ்மனுக்கு அதிகாரமுண்டு. கால அளவு குறைவாயிருந்தாலும், தொடங்கும் நாள் சரியாயிருந்தால் மனிதருக்கு நீதி கிட்டுகிறது.

நம்மிடம் வரும் கட்சிக்காரர்கள் காலத்தை இழப்பது பெரும்பாலும் சோம்பலினாலன்று, நம்பிக்கையினால்தான். மருத்துவமனையின் குறைதீர் பிரிவுக்கு எழுதுகிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. டில்லி மருத்துவக் கவுன்சிலுக்கு மனுச் செய்கிறார்கள்; அது மருத்துவரைக் கண்டிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. இவ்விரண்டு இடங்களிலும் காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளும் உரிமை நுகர்வோர் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் எழுதப்படவில்லை. போதிய காரணமென்று நுகர்வோர் ஆணையம் கருதினால் காரணங்களைப் பதிவு செய்து தாமதத்தை மன்னிக்கலாம். கருதாவிட்டால் புகார் வாசலிலேயே விழுந்துவிடும். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் காலவரையறையை ஆணையம் தானாகவே பார்த்தாகவேண்டும் என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆகவே பார்லிமெண்ட் 69-ஆம் பிரிவில் அறிந்த நாளைத் தொடக்க நாளாக எழுதவேண்டும்; குறைதீர் பிரிவிலும் மருத்துவக் கவுன்சிலிலும் கழிந்த காலத்தை விலக்கவேண்டும்; பிரசவ ஆவணங்களையும் குழந்தைகளின் ஆவணங்களையும் அவர்கள் இருபத்தொரு வயது தாண்டும் வரை காக்க விதி செய்யவேண்டும். இவை நடக்கும் வரை நாம் செய்யக்கூடியது நம் கையிலிருக்கிறது. கட்சிக்காரர் வந்த அன்றே ஆவண நகல் கேட்டு எழுத்து மூலம் கடிதம் அனுப்பி, ஒப்புதல் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குறைதீர் பிரிவின் பதிலை எதிர்பார்த்து ஒரு மாதத்தையும் வீணாக்காதீர்கள். தீங்கு எப்போது, யார் வாயிலாக, எந்தப் பரிசோதனையால் தெரியவந்தது என்பதைப் புகாரில் தனிப் பத்தியாகத் தேதியோடு எழுதுங்கள். சந்தேகம் சிறிதேனும் இருந்தால் தாமத மன்னிப்பு மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் புகாரோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். கட்சிக்காரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கப் புதிய சட்டம் இடமளித்திருப்பதை, பாட்னாவிலிருந்தும் கோரக்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவமனைகளின் சட்டப் பிரிவில் பணிபுரியும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மூன்றாண்டு முடிந்ததென்று ஒரு குழந்தையின் கோப்பைக் கழிக்கும் உத்தரவு உங்கள் மேஜைக்கு வந்தால், கையொப்பமிடாதீர்கள்.