ஆள் வராத நாளில்தான் நம் ஞாபகம் வருமா?

ஒரு பெண் முன்னுக்கு வந்துவிட்டால் போதும், "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

1910ல் பிறந்த இவர், குழந்தையிலேயே காதால் கேட்டுக் கேட்டே பியானோ பழகியவர். சின்ன வயதிலேயே வாசித்துச் சம்பாதித்தவர். சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் வில்லியம்ஸை மணந்துகொண்டார். கணவருக்கு ஓக்லஹோமாவில் ஒரு பெரிய குழுவில் இடம் கிடைத்தது. பிறகு ஆண்டி கிர்க் தலைமையில் அந்தக் குழு பிரமாதமாகப் பெயர் வாங்கியது. கணவர் முன்னால் போய்விட, ஒப்புக்கொண்ட கச்சேரிகளை மெம்பிஸ் ஊரில் தானே முன்னின்று முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இவர் போனார்.

போனால், அங்கே பியானோவுக்கு வேறு ஆள்! இவர் மூலையில் உட்காரவில்லை. டல்சா ஊரில் பிண வண்டிகூட ஓட்டினாராம். குழுவினருக்கும் கார் ஓட்டினார்.

1929ல் ரிக்கார்டு கம்பெனிக்காரர் குழுவின் வாசிப்பைக் கேட்க வந்த அன்று, வழக்கமாக வாசிப்பவர் வரவில்லை. அப்போதுதான் இவர் ஞாபகம் வந்தது. வாசித்தார், கம்பெனிக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியும் நிரந்தர இடம் கிடைக்க 1931 ஆகிவிட்டது! இவர் மனசில் தோன்றிய இசையை முதலில் கிர்க் எழுதிக் கொடுத்தார். பிறகு இவரே எழுதக் கற்று, பென்னி குட்மன், டியூக் எலிங்டன் குழுக்களுக்கும் எழுதித் தந்தார்.

அந்த ஆள் வராதது வேண்டுமானால் அதிர்ஷ்டம். வாசிக்கத் தெரிந்திருந்ததுமா அதிர்ஷ்டம்?

எங்கள் கடையில் கணக்கு எழுதுபவர் ஒரு மாதம் லீவு போட்டபோது என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பைசா பிசகாமல் எழுதினேன். அவர் திரும்பி வந்ததும், "இனி நீ சமையலைப் பாரு" என்றார் என் கணவர். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனாலும் பேரேட்டை விடவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு தினமும் ஒரு பக்கமாவது சரிபார்க்கிறேன்.

சகோதரிகளே, கற்றதைப் பரணில் போடாதீர்கள். வீட்டு ஆண்களே, ஆள் வராத நாளுக்காகக் காத்திருக்காமல், "உனக்கு என்ன தெரியும்?" என்று இன்றைக்கே ஒருமுறை அன்பாகக் கேளுங்களேன். குறைந்தா போய்விடுவீர்கள்?

- ஒரு வாசகி, மன்னார்குடி.