மணப்பாட்டுக் கரையின் சாட்சியம்

ஒரு துன்பம் ஒரு முறை வந்தால் அதை விதி என்று சொல்லி ஆறுதல் அடையலாம். அதே கரையில், அதே மாதத்தில், இரண்டாம் முறையும் அது வந்த பின்னர் விதியின்மேல் பழியைச் சுமத்துவது பொறுப்புள்ள சர்க்காருக்கு அழகல்ல.

1973-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, தூத்துக்குடிக் கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 2016-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி மாலை முதல், திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை முதலிய கிராமங்களின் கரையில் 80-க்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் அலையோடு வந்து மணலில் விழுந்தன. இரு முறையும் வந்தவை பைலட் திமிங்கிலங்கள் என்ற ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

மணப்பாட்டில் முதலில் ஓடி வந்தவர்கள் யார்? உத்தியோகஸ்தர்கள் அல்ல, அக்கிராமங்களின் மீனவர்களே. கழுத்தளவு நீரில் நின்று, தோள் கொடுத்துத் தள்ளியும், படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்றும் அவர்கள் பாடுபட்டார்கள். விட்டுவந்தவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின; அவர்களும் மீண்டும் இறங்கினார்கள். பிறகு சர்க்கார் இலாகாக்களும் வந்து உதவின. எனினும் 40-க்கு மேற்பட்டவை மாண்டன. அவற்றைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

இப்பிராணிகள் ஏன் இப்படி வருகின்றன? கல்விமான்கள் பல காரணங்களைச் சொல்லுகிறார்கள். பைலட் திமிங்கிலங்கள் தாய்வழிக் குடும்பங்களாக வாழ்பவை. ஒன்று நோயுற்றோ வழி தவறியோ கரையை அணுகினால், மற்றவை அதைக் கைவிடாமல் பின்தொடரும். ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழியறியும் இவற்றுக்கு, மெல்லச் சரியும் மணற்கரை தெளிவான எதிரொலியைத் தருவதில்லை. யுத்தக் கப்பல்களின் சோனார் ஓசையும் சில இடங்களில் காரணமாயிருந்தது. 2000-ம் வருஷம் பஹாமாஸ் தீவுகளில் வேறு ஜாதித் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது அமெரிக்கக் கடற்படையே அதை ஒப்புக்கொண்டது. ஆனால், மணப்பாட்டில் அவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குச் சாட்சியமில்லை. சாட்சியமின்றிக் குற்றஞ் சாட்டுவது நியாயமன்று. சுனாமிக்கு இது முன்னறிகுறி என்று அஞ்சுவாரும் உண்டு. 1973-லும் 2016-லும் அத்தகைய விபத்து எதுவும் பின்தொடரவில்லை.

காரணம் மறைவாயிருக்கலாம், பரிகாரம் மறைவானதன்று. கரையில் கிடக்கும் திமிங்கிலத்தைக் கொல்லுவது அதன் பாரமும் வெப்பமுமே. நனைத்த துணியால் போர்த்தி, மூச்சுத் துளையை மூடாமல் காத்து, வாலைப் பிடித்து இழுக்காமல் நேராக நிறுத்தி, தனித்தனியே விரட்டாது கூட்டமாகச் சேர்த்து ஆழ்கடலில் விடவேண்டும். ஒன்றை மட்டும் விட்டால், கரையில் கிடக்கும் சுற்றத்தாரின் குரலைக் கேட்டு அது திரும்பிவிடும். 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் 100-க்கு மேற்பட்டவை ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் ஜனங்களும் ஊரடங்குக் காலத்திலும் இரவெல்லாம் உழைத்துப் பெரும்பாலானவற்றைக் கடலில் சேர்த்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் டாஸ்மேனியாவில் ஏறக்குறைய 470 ஒதுங்கின. பயிற்சியும் கருவிகளும் உள்ள அத்தேசத்தாராலும் நூற்றுச் சொச்சத்தையே காப்பாற்ற முடிந்தது. அப்படியிருக்க, ஆயத்தமே இல்லாதவர்கள் என் செய்வார்கள்?

நமது சட்டத்தில் குறைவில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலத்துக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்திருக்கிறது. அதன் அம்பர் கட்டியை விற்க முயன்றவன் கைதாகிறான். தண்டிப்பதற்குச் சட்டம் விழித்திருப்பது நல்லதே. காப்பாற்றுவதற்கும் அது விழித்திருக்க வேண்டாமா? கடற் பிராணிகள் கரை ஒதுங்கும்போது செய்யவேண்டியவை குறித்து மத்திய சர்க்கார் 2021-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதை வரவேற்கிறோம். ஆனால், நள்ளிரவில் கரையில் நிற்கும் மீனவனின் கைக்கு எட்டாத நெறி, அலமாரியில் தூங்கும் காகிதமே.

இது தென்கோடியின் விவகாரம் என்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கும் நம்மவர் எண்ணலாகாது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதையடுத்த கரையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் பிணமாய் ஒதுங்கின. திமிங்கிலத்தின் விஷயத்தில் காரணம் ஐயத்துக்குரியது. ஆமையின் விஷயத்தில், இழுவை வலையில் சிக்கி மூச்சுத் திணறி மாண்டவையே பெரும்பாலானவை என்று நிபுணர்கள் கூறினார்கள். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கலாகாதென்று விதி இருந்தும் இந்நிலை! விதி எழுதுவது வேறு, காவல் காப்பது வேறு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ? ஆயினும் இதே நகரத்து மாணவர்கள் 1988 முதல் சங்கம் அமைத்து, நீலாங்கரைக்கும் அடையாற்று முகத்துவாரத்துக்கும் இடையே இரவில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஜனங்களிடம் சிரத்தை இருக்கிறது; அதற்கு ஒழுங்கும் ஆதரவும் தருவதே சர்க்காரின் கடமை.

ஆகவே மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். முதலாவது, அவ்வழிகாட்டு நெறிகளை எளிய தமிழில், படங்களுடன், ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் கொண்டு சேர்க்கவேண்டும். இன்ன உத்தியோகஸ்தரை அழைப்பது என்பதும் அதில் தெளிவாயிருக்க வேண்டும். இரண்டாவது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அவற்றின் துணையுடன் மீனவர்களுக்கு வருஷந்தோறும், முக்கியமாக ஜனவரிக்கு முன், பயிற்சி அளித்துக் கருவிகளைக் கரையிலேயே வைக்கவேண்டும். மூன்றாவது, கடலுக்குப் போகாமல் மீட்பில் ஈடுபடுவோருக்கு அன்றைய வருமானத்தை ஈடுசெய்யவேண்டும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனிடம் தியாகத்தை எதிர்பார்த்துவிட்டு, புகழுரையோடு நின்றுவிடுவது நன்றியாகாது.

ஆலோசிக்க வேண்டிய காலம் 1973-லேயே முடிந்துவிட்டது. ஒரு முறை அறியாமல் தவறியதை ஜனங்கள் மன்னிப்பார்கள். மூன்றாம் முறை மணற்கரையில் திமிங்கிலங்கள் வந்து விழும்பொழுது, அறியவில்லை என்று கூறும் உரிமை சர்க்காருக்கும் இல்லை. சர்க்காரைக் கேளாதிருந்த நமக்கும் இல்லை.