சூட்கேஸில் வரும் ஸ்பைடர்மேன்

பாறசாலையைத் தாண்டினால் இஞ்சிவிளை. இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை. நடுவில் எங்கோ கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, கடைக்காரரின் பேச்சு மாறுவதில்லை. திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அந்தப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அன்றிலிருந்து இந்தக் கிராமங்களுக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்: ஒரு பொருளின் விலை அது எங்கே செய்யப்பட்டது என்பதைவிட, எந்தக் கோட்டைத் தாண்டி வந்தது என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் போட களியக்காவிளைக்குப் போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எதிர்த்திசையில் வருவதும், அவ்வப்போது பிடிபடுவதும் பழைய கதை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியின் வேலையைப் பறிக்கும்வரை, லாரி டிரைவர்களுக்கு இந்தப் பாடம் தினசரி நடந்தது.

இப்போது அதே பாடத்தைக் குழந்தைகளும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாடப்பொருள், பொம்மை.

ஸ்பைடர்மேன் என்ற ஒரே ஆசாமி இந்த ஊர்களுக்கு மூன்று வழிகளில் வருகிறார். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் அப்பாவின் சூட்கேஸில் வருகிறார். திருவனந்தபுரத்து மால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார். மீன மாதத்துக் கோயில் உற்சவத்திலும், வ்லாத்தாங்கரை மாதா கோயில் திருவிழாவிலும் தார்ப்பாய்க் கடைகளில் கயிற்றில் தொங்குகிறார். உற்சவக் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாலில், மூட்டுகள் எல்லாம் மடங்குகிற ஆறு அங்குல உருவத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் என்று சீட்டு ஒட்டியிருக்கும். சூட்கேஸில் வந்தவருக்கு விலைச் சீட்டு கிடையாது. அதைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

மூன்றிலும் பிளாஸ்டிக்கின் விலை அற்பம். மீதி எங்கே போகிறது என்பதுதான் கதை.

முதலில் முகத்துக்கு வாடகை. ஒரு சினிமா நாயகனின் உருவத்தைப் பொம்மையாக வார்க்க, உரிமையாளருக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். மொத்த விற்பனை விலையில் பத்து, பதினைந்து சதவிகிதம் வரை போவது சகஜம். விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு தந்தே தீர வேண்டும் என்று குறைந்தபட்சத் தொகை ஒன்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். முகங்களின் சொந்தக்காரர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். 2009-இல் மார்வெல் நிறுவனத்தையும், 2012-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் லூகாஸ் பிலிமையும் டிஸ்னி வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் கொடுத்தது ஏறக்குறைய 400 கோடி டாலர். போட்ட முதலை எடுக்காமல் விடுவார்களா?

இந்த வியாபாரத்தின் வலிமை தெரிந்தது 1977-இல். ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்து சக்கைப்போடு போட்டபோது, உரிமம் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. அட்டையும் ஒரு சான்றிதழும் அடங்கிய காலி உறையை விற்றார்கள். பொம்மை அடுத்த ஆண்டு தபாலில் வரும் என்றார்கள். ஜனங்கள் அதையும் வாங்கினார்கள். 1978-இல் கடைக்கு வந்த அந்தச் சின்ன உருவங்களின் விலை சுமார் இரண்டு டாலர். அன்றைய இரண்டு டாலரை இன்றைய பணத்தில் கணக்கிட்டால் சுமார் பத்து டாலர்தான் ஆகும். ஆனால் 2013-இல் ஹாஸ்புரோ கொண்டுவந்த ஆறு அங்குல வரிசை 20 டாலரில் தொடங்கி, பத்தாண்டுகளுக்குள் 25 டாலரைத் தொட்டது. உருவம் பெரியது, வேலைப்பாடு நுட்பமானது என்பது உண்மைதான். ஆனால் வாங்குகிற ஆளும் மாறிவிட்டார் என்பது அதைவிடப் பெரிய உண்மை. 2024-இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்காவில் மழலைகளுக்காக வாங்கிய பொம்மைகளைவிட, பதினெட்டு வயது தாண்டியவர்கள் தங்களுக்காக வாங்கிக்கொண்ட பொம்மைகள் அதிகம் என்கிறது சர்கானா என்ற சந்தை ஆய்வு நிறுவனம். சம்பளம் வாங்குகிற குழந்தைக்கு என்ன விலை வைத்தால் என்ன? 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆள் உயர லபூபூ பொம்மை ஒன்று பத்து லட்சம் யுவானுக்கு மேல் ஏலம் போனது. அதை யாரும் மணலில் புதைத்து விளையாடப்போவதில்லை.

அடுத்தது ரூபாய். 2013-இல் டாலர் அறுபது ரூபாயைச் சுற்றி இருந்தது. 2025 டிசம்பரில் தொண்ணூறைத் தாண்டியது. அமெரிக்கக் குழந்தைக்கு 20 டாலர் 25 ஆனபோது, இந்தியக் குழந்தைக்கு 1,200 ரூபாய் 2,250 ஆகிவிட்டது. இது கப்பல் ஏறுவதற்கு முந்தைய கணக்கு.

கப்பல் இறங்கியதும் சுங்கம். 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரி 20 சதவிகிதத்திலிருந்து ஒரே தாவலில் 60 ஆனது. 2023 பிப்ரவரியில் 70. ஆயிரம் ரூபாய் மதிப்பில் சீனாவிலிருந்து வந்து இறங்கும் பொம்மை 1,700 ரூபாயாகத் துறைமுகத்தை விட்டு வெளியேறுகிறது. அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. மின்னணு அல்லாத பொம்மைகளுக்கு அது 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. எழுபதை வைத்துக்கொண்டு ஏழைக் குறைப்பது பெரிய தயவல்ல. பிறகு விநியோகஸ்தர், மாலின் வாடகை, ஏ.சி.

துபாயில் இதே பொம்மைக்குச் சுங்கம் 5 சதவிகிதம், 2018-இல் வந்த மதிப்புக்கூட்டு வரி 5 சதவிகிதம். அவ்வளவுதான். நெய்யாற்றின்கரைக்காரர் ஏன் சூட்கேஸை நம்புகிறார் என்று இனி விளக்க வேண்டியதில்லை. பயணி கையோடு கொண்டுவரும் சாமானுக்கு ஒரு வரம்புவரை சுங்க விலக்கு இருக்கிறது. முன்பெல்லாம் 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்பைத் தபாலில் அனுப்பினாலும் வரி இல்லை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விதிவிலக்கு. ஆக, அப்பா நேரில் வந்தால் ஸ்பைடர்மேன் வருவார். லீவு கிடைக்காத வருஷம் அவரும் வரமாட்டார். வளைகுடாவில் யாரும் இல்லாத வீட்டுப் பையனுக்கு அந்த வழியே கிடையாது. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களுக்கு இடையே ஒரு சுங்க எல்லை ஓடுகிறது.

வரி போட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் இறக்குமதிப் பொம்மைகளில் 121 மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. சில பொம்மைகளில் குழந்தை வாயில் வைக்கக் கூடாத ரசாயனங்கள். சிலவற்றில் கையைக் கிழிக்கும் விளிம்புகள். ஆகவே 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான எந்தப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை அமலுக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். முத்திரையில்லாமல் விற்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த தண்டனை ஈராண்டுச் சிறை, அல்லது முதல் முறைக்கே இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம். நல்ல சட்டம். உள்ளூர்த் தொழிலும் தழைத்தது. 2014-15-இல் 33 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2022-23-இல் 16 கோடியாகச் சரிந்தது. ஏற்றுமதி 10 கோடிக்கும் கீழிருந்து 32 கோடிக்கு மேல் போனது.

ஆனால் சட்டம் எட்டுகிற இடம் எது? 2023 ஜனவரியில் அதிகாரிகள் விமான நிலையங்களிலும் மால்களிலும் உள்ள பெரிய கடைகளில் நுழைந்து, முத்திரை இல்லாத 18,600 பொம்மைகளைக் கைப்பற்றியதாக அறிவித்தார்கள். பில் போடுகிற கடைக்குள் நுழைவது சுலபம். உற்சவம் முடிந்த மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிற தார்ப்பாய்க் கடைக்கு எந்தக் கதவு வழியாக நுழைவது? அங்கே தொங்குகிற சிலந்தி மனிதனுக்கு முகத்தின் உரிமமும் இல்லை, சோதனையும் இல்லை. முதுகில் கம்பெனி பெயர்கூட இல்லை. முகமூடியின் சிவப்பு நாலு நாளில் விரலில் ஒட்டிக்கொள்கிறது. வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் அது யார் செய்தது என்று தெரியாது.

இங்கேதான் நெருடுகிறது. விஷமில்லாத பொம்மை வேண்டும் என்று போட்ட விதியும், உள்நாட்டுத் தொழில் வாழ வேண்டும் என்று போட்ட வரியும் சேர்ந்து, சோதித்துத் தேறிய நாயகனை மால் கண்ணாடிக்குள் தள்ளிவிட்டன. எந்தக் குழந்தையை நினைத்துச் சட்டம் எழுதப்பட்டதோ, அந்தக் குழந்தையின் கையில் சோதிக்கப்படாததுதான் மிஞ்சுகிறது. விலையும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினைதான் என்பதை டெல்லி கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: விதி 14 வயதோடு நின்றுவிடுவதால், பெட்டியின் மேல் ‘15+’ என்று அச்சடித்துவிட்டால் இது பொம்மையே அல்ல, சேகரிப்புப் பொருள் என்று வாதாட இடமிருக்கிறது. எட்டு வயதுப் பையன் அந்த எண்ணைப் படித்துவிட்டா கை நீட்டுகிறான்?

வெளிநாட்டு நிலவரமும் ஆறுதல் தருவதாக இல்லை. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு சீனப் பொருட்கள் மீதான வரியை 145 சதவிகிதம் வரை ஏற்றியது. மே மாதம் 30-க்கு இறக்கியது. அதற்குள் பார்பியின் மேட்டல் நிறுவனம் அமெரிக்காவில் விலை ஏறும் என்று சொல்லிவிட்டது. குழந்தைகளுக்கு முப்பது பொம்மைகளுக்குப் பதில் இரண்டு இருந்தால் போதாதா என்ற தொனியில் அதிபர் பேசியது உலகமெங்கும் சிரிப்புக்கு இடமானது. பாறசாலையில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள், முப்பது என்ற எண்ணைக் கேட்டுத்தான் சிரித்திருப்பார்கள்.

பொம்மைகளின் பிறப்பிடமான சீனா இப்போது இந்த ஊர்களுக்கு வெகு அருகில் வந்துவிட்டது என்பது இன்னொரு முரண். விழிஞ்ஞம் துறைமுகம் இதே நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் அங்கே வந்த முதல் தாய்க்கப்பல் சான் பெர்னாண்டோ புறப்பட்டது சீனாவின் ஷியாமென் துறைமுகத்திலிருந்து. இறக்கிய பெட்டிகளை வேறு கப்பல்களில் ஏற்றி வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். தாலுகாவுக்குள் வந்த சரக்கு, தாலுகாவுக்கு வந்த சரக்கல்ல.

தாண்ட முடியாத சிக்கல் அல்ல இது. ஒரு முறை தாண்டியும் இருக்கிறார்கள். 1987-இல் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்க ஹாஸ்புரோவும் கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. ‘ஜி.ஐ. ஜோ’ வீரர்களை வார்க்கும் அமெரிக்க அச்சுகள் கோவாவுக்கு வந்தன. உரிமம் முறையானது, கூலி இந்தியாவினுடையது, விலையும் இந்திய விலை. ஏழைக்கு எட்டும் விலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆசிரியரோ குமாஸ்தாவோ பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கித் தரும் விலை. பார்பியும் ஹீ-மேனும்கூட லியோ என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரானார்கள். இன்று ஏற்றுமதிக்காக அயல்நாட்டுக் கம்பெனிகளின் பொம்மைகளைச் செய்து தரும் ஆலைகள் தெற்கிலேயே இருக்கின்றன. ஃபன்ஸ்கூலுக்கே ராணிப்பேட்டையில் ஓர் ஆலை உண்டு. செய்யத் தெரிந்த கை இருக்கிறது, சோதிக்கும் கூடம் இருக்கிறது. அமெரிக்கச் சேகரிப்பாளரை மனதில் வைத்துப் போடும் உரிமத் தொகையை, இந்தியச் சந்தைக்கென்று தனியாகப் பேசி இறக்கும் ஆள்தான் இல்லை. ஏற்றுமதிக் கணக்கைக் காட்டிப் பெருமைப்படும் வர்த்தக அமைச்சகம் அந்தப் பேச்சில் உட்காரலாம். உற்சவப் பொம்மைக்கு ஒரு மலிவான சோதனை முறையும், வியாபாரிகள் சரக்கெடுக்கும் மொத்தக் கடைகளில் ஒரு கண்ணும் வைத்தால், தார்ப்பாய்க் கடையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுமில்லை.

கோவாவில் வார்த்த அந்த ஜோக்களில் பலவற்றுக்கு அமெரிக்க மூலத்தில் இல்லாத வண்ணங்கள் பூசப்பட்டன. பச்சைச் சட்டை வேறு நிறமாகும், ஒருவர் தலை இன்னொருவர் உடம்பில் ஏறும். அன்றைக்கு அதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை. இன்று அந்த இந்திய வண்ணத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் மச்சில் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கலாம், கை ஒடிந்து. பெட்டி பிரிக்காததற்குத்தான் விலை அதிகமாம்.