ஒரே வாரத்துல கலராக்குற க்ரீம்: மருந்தை அழகு சாதனமா விக்காதீங்க

1/ முகப்பரு, மங்கு, கருமைன்னு ஓ.பி.க்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, "இதுவரைக்கும் முகத்துல என்ன பூசுனீங்க?" அடிக்கடி வர்ற பதில்: "மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க சார். ஒரே வாரத்துல கலராயிட்டேன்." அந்த க்ரீமைப் பத்தித்தான் இந்தத் த்ரெட்.

2/ ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன். இதுல எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரி நோய்களுக்கு, அளவோட, இத்தனை நாள்னு கணக்கு வச்சு பூச வேண்டிய நல்ல மருந்து. பவுடருக்கு முன்னாடி பூசுற க்ரீம் கிடையாது.

3/ அப்ப எப்படி கலராகுது? ஸ்டீராய்டு தோலோட ரத்தக்குழாயைச் சுருக்குது, நிறமி உருவாகுறதைக் குறைக்குது, பருவோட வீக்கத்தை அமுக்குது. முகம் வெளுத்து, வழவழன்னு தெரியும். நோய் போகல, மூடி வச்சிருக்கு, அவ்வளவுதான்.

4/ சில மாசம் போனா தோல் மெலிஞ்சிடும். ரத்தக்குழாய் சிவப்புக் கோடா தெரியும். மீசை, தாடி இடத்துல முடி வளரும். க்ரீமை நிறுத்துனா எரிச்சல், சிவப்பு, கொத்துக் கொத்தா பரு. பயந்து திரும்பப் பூசுவாங்க. நீங்க கேட்ட சிவப்பு வேற, இது குடுக்குற சிவப்பு வேற.

5/ "கையில பூசுனப்ப ஒண்ணும் ஆகலையே?" முகம் கை இல்லீங்க. 1967-லயே ஹைட்ரோகார்ட்டிசோனை வச்சு அளந்துட்டாங்க: முன்கையை விட நெற்றி சுமார் 6 மடங்கு, தாடை சுமார் 13 மடங்கு உறிஞ்சும்.

6/ சட்டம் இல்லையா? இருக்கு. 2018 மார்ச்சுல மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் ஹெச்-ல சேர்த்துச்சு. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. ஆனா இன்னைக்கும் சோப்பு வாங்குற மாதிரி கேட்டு வாங்கலாம். சில்லறைக்கு சாக்லேட் குடுக்குற மாதிரி இதைக் குடுக்குற கடைக்காரங்களைத்தான் கேக்குறேன்: உங்க வீட்டுப் பொண்ணுக்குக் குடுப்பீங்களா?

7/ எங்க ஆளுங்களையும் விட முடியாது. மங்குக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எழுதி, எத்தனை நாள்னு சொல்லாம அனுப்புற டாக்டர்களும் இருக்காங்க. அந்தச் சீட்டை வச்சு அக்கா வாங்குறாங்க, தங்கச்சி வாங்குறாங்க.

8/ பூசுற பொண்ணைத் திட்டாதீங்க. நத்தத்துல சட்டை தைக்கப் போற பொண்ணு தோல் டாக்டரைப் பாக்க திண்டுக்கல் பஸ் ஏறுனா ஒரு நாள் கூலி போச்சு. க்ரீம் தெருமுனையில கிடைக்குது. மேல, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி"ன்னு மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல பேரையே மாத்திக்கிச்சு. நம்ம வாய் மாறல.

9/ லேபிளே இல்லாத சிவப்பழகு க்ரீம் இன்னும் மோசம். கேரளாவுல கோட்டக்கல்ல 2021 - 2023-ல ஒருவகை சிறுநீரக நோயோட வந்த 22 பேர்ல 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்த 15-ல 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசுனவங்க. காரணமா சந்தேகப்படுறது பாதரசம். முகத்துல பூசுனது கிட்னி வரைக்கும் போகுது.

10/ சரி, என்னதான் செய்யறது?
• காலை, ராத்திரி ரெண்டு வேளை மைல்டான சோப்பு. தேய்ச்சுக் கழுவாதீங்க.
• வறண்டா வாசனையில்லாத மாய்ச்சரைசர்.
• வெயில்ல போனா எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்க்ரீன். வாங்க முடியலையா? குடை, துண்டு, தொப்பி. மாந்தோப்பு வேலைக்கு இதுவே பெரிய மருந்து.
• எலுமிச்சை, டூத்பேஸ்ட், சமையல் சோடா வேண்டாம்.
• நெத்தியில வழியுற தலை எண்ணெயும் பருவைக் கூட்டும்.
• பருவைக் கிள்ளாதீங்க. சரியான சிகிச்சைக்கே 6 - 8 வாரம் ஆகும்.

11/ மாசக்கணக்கா ஏற்கனவே பூசிட்டிருக்கீங்களா? ட்யூபைக் கையோட எடுத்துட்டு தோல் டாக்டரைப் பாருங்க. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.ல காசு கிடையாது. நிறுத்துனதும் கொஞ்ச நாள் மோசமாகும், அப்புறம் தேறும். அந்த நாள்ல பழைய ட்யூபைத் தேடாதீங்க.

12/ தெளிவான முகம்னா வெளுத்த முகம்னு அர்த்தம் இல்ல. பரு இல்லாத, எரிச்சல் இல்லாத கறுப்பு முகமும் ஆரோக்கியமான முகம்தான். வீட்டு அலமாரியில இருக்குற ட்யூபை இன்னைக்கே திருப்பிப் பாருங்க. பேர் புரியலைன்னா கமெண்ட்ல எழுதுங்க, சொல்றேன்.